6 முதல் 12 வரை: மாணவர் நலக் குறிப்புகள்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரப் பள்ளி மாணவரின் மனநலம், அதாவது நெருக்கடியைத் தாங்கிப் பிறருடன் இணங்கி வாழும் ஆற்றல், வகுப்புதோறும் வேறுபட்ட கவனிப்பை வேண்டுவதாகும்.

● 6–8: சிற்றூர்த் தொடக்கப்பள்ளியிலிருந்து நகரப் பள்ளிக்கு வரும் பிள்ளை தனித்துப்போகாதிருக்க, அதே பேருந்தில் வரும் மாணவருடன் முதல் வாரத்திலேயே பழக்கப்படுத்துதல் நன்று.

● 9–10: 13 முதல் 18 வயதினர்க்கு நாள்தோறும் 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவைப்படுவதால், பெற்றோர் நூற்பாலையில் இரவுப்பணி பார்க்கும் இல்லங்களிலும் பிள்ளைகள் உறங்கும் நேரத்தை முன்னரே வரையறுத்து, அதற்குமுன் கைப்பேசியை அகற்றிவைத்தல் வேண்டும்.

● 11–12: மதிப்பெண், உயர்கல்வி குறித்த அச்சத்தால் பிள்ளை உணவையோ நண்பரையோ தவிர்க்கத் தொடங்கினால், கடிந்துகொள்ளாமல் செவிமடுத்து, வகுப்பாசிரியரை அணுகுவதுடன், கல்வி வழிகாட்டலுக்கு 14417, மனநல ஆலோசனைக்கு 14416, குழந்தைப் பாதுகாப்புக்கு 1098 ஆகிய கட்டணமில்லா எண்களைத் தயங்காது அழைக்கலாம்.