மூன்று முறை திரும்பி வந்த கட்டுரை

கும்பகோணத்தில் வளர்ந்த இளைஞர் ஒருவர் தம் முதல் நீண்ட கணிதக் கட்டுரையை இந்தியக் கணிதக் கழகத்தின் ஆய்விதழுக்கு அனுப்பினார். அவரிடம் கல்லூரிப் பட்டம் இல்லை. நிலையான வேலையும் இல்லை. கட்டுரையைப் பெற்ற இதழாசிரியர் நாராயண ஐயங்கார் பெங்களூரில் கணிதம் கற்பித்தவர். கட்டுரையில் புதிய கருத்துகள் நிறைந்திருப்பதை அவர் உணர்ந்தார். ஆனால், எழுதியவர் பல படிகளைத் தாண்டிச் சென்று முடிவை மட்டும் கூறியிருந்தார். வாசகரால் அவரைப் பின்தொடர முடியாது என்று இதழாசிரியர் கருதினார்.

கட்டுரை திருத்தத்திற்காகத் திரும்பிச் சென்றது. இளைஞர் திருத்தி அனுப்பினார். மீண்டும் திரும்பியது. இவ்வாறு மூன்று முறை போய் வந்த பிறகு, 1911ஆம் ஆண்டு அக்கட்டுரை அச்சேறியது. அந்த இளைஞர்தாம் பின்னாளில் உலகப் புகழ்பெற்ற கணித மேதை சீனிவாச இராமானுஜன்.

மேதையின் கட்டுரையையே திருப்பி அனுப்பலாமா? அது அவமதிப்பு ஆகாதா? இவ்வினாக்களுக்கு விடை காண, ஓர் ஆய்விதழ் எவ்வாறு இயங்குகிறது என்பதை அறிய வேண்டும்.

ஆய்விதழும் நாளிதழும்

நாளிதழ் அன்றைய செய்தியைச் சொல்கிறது. ஆய்விதழ் ஒரு துறையில் புதிதாகக் கண்டறியப்பட்ட உண்மையைச் சொல்கிறது. உலகின் பழைமையான அறிவியல் இதழ்களுள் ஒன்று 1665ஆம் ஆண்டு இலண்டனில் தொடங்கப்பட்டது. அதைத் தொடங்கியவர் ஹென்றி ஓல்டன்பர்க். இன்று பல நாடுகளில் பல்கலைக்கழகங்களே ஆய்விதழ்களை வெளியிடுகின்றன.

ஜொகூர் மாநிலத்திலும் இப்பணி நடைபெறுகிறது. ஸ்கூடாயில் அமைந்துள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பதிப்பகம் ‘ஜர்னல் தெக்னோலோகி’ என்னும் ஆய்விதழை வெளியிடுகிறது. இவ்விதழ் 1977ஆம் ஆண்டு முதல் வெளிவருகிறது. பத்து பகாட் மாவட்டம், பாரிட் ராஜாவில் உள்ள துன் உசேன் ஓன் பல்கலைக்கழகமும் பொறியியல் ஆய்விதழ்களை வெளியிடுகிறது. இத்தகைய இதழ்களுக்கு வரும் கட்டுரைகள் அனைத்தும் அப்படியே அச்சாவதில்லை. ஒவ்வொன்றும் சில வாயில்களைக் கடந்தாக வேண்டும்.

முதல் வாயில்: இதழாசிரியர்

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஜொகூர் ஆற்றின் நீர் ஜொகூர் மக்களுக்கும் சிங்கப்பூர் மக்களுக்கும் குடிநீராகிறது. அந்நீரில் அம்மோனியா மிகுந்துவிட்டால் சுத்திகரிப்பு நிலையங்களை நிறுத்தி வைக்க நேரிடும். ஓர் ஆய்வாளர், செம்பனைக் கொட்டையின் ஓட்டிலிருந்து செய்த கரி, நீரிலுள்ள அம்மோனியாவைப் பெருமளவு அகற்றுகிறது என்று கட்டுரை எழுதுவதாகக் கற்பனை செய்துகொள்ளலாம்.

கட்டுரை முதலில் இதழாசிரியரின் பார்வைக்கு வரும். இதழின் துறைக்கு இக்கட்டுரை பொருந்துகிறதா? முறைப்படி எழுதப்பட்டுள்ளதா? பிறருடைய எழுத்து களவாடப்பட்டுள்ளதா? இவற்றை அவர் பார்ப்பார். வேறோர் எழுத்தோடு ஒத்திருக்கும் பகுதிகளைக் காட்டும் கணினி மென்பொருளும் இதற்குப் பயன்படுகிறது. பொருந்தாத கட்டுரைகள் இந்த வாயிலிலேயே நின்றுவிடும்.

இரண்டாம் வாயில்: சக ஆய்வாளர்கள்

எஞ்சிய கட்டுரைகளை இதழாசிரியர் அதே துறையில் தேர்ந்தவர்களுக்கு அனுப்புவார். பெரும்பாலும் இருவர் அல்லது மூவர் அக்கட்டுரையைப் படிப்பர். இதற்குச் சக ஆய்வாளர் மதிப்பாய்வு என்று பெயர். நீரைப் பற்றிய கட்டுரையை நீரைப் பற்றி அறிந்தவரே எடைபோட முடியும். பொன்னின் தரம் பொற்கொல்லனுக்குத்தானே தெரியும்!

மதிப்பாய்வாளர் கட்டுரையின் முடிவை உடனே நம்பிவிடமாட்டார். அந்த முடிவை எட்டிய வழியைக் கேள்வி கேட்பார். செம்பனைக் கரியைப் பற்றிய கட்டுரைக்கு அவர் பின்வருமாறு வினவக்கூடும்:

• சோதிக்கப்பட்டது உண்மையான ஆற்று நீரா, ஆய்வுக்கூடத்தில் கலந்து செய்த நீரா?

• எத்தனை மாதிரிகள் எடுக்கப்பட்டன? மழைக்காலத்தில் எடுத்தவையா, வறட்சிக் காலத்தில் எடுத்தவையா?

• கரி இல்லாத வடிகட்டியையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தாரா?

• ஒரு முறை போட்ட கரி எத்தனை நாள் வேலை செய்யும்?

• இதே ஆய்வை இதற்கு முன் வேறு யாரேனும் செய்திருக்கிறார்களா?

இவை குறை காண்பதற்காகக் கேட்கப்படும் வினாக்கள் அல்ல. மூன்றாவது வினாவை மட்டும் எண்ணிப் பார்க்கலாம். வடிகட்டியிலுள்ள மணலே அம்மோனியாவைக் குறைத்திருந்தால், கரிக்குக் கிடைத்த பெருமை தவறானதாகிவிடும். அக்கட்டுரையை நம்பிச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்று பெரும்பணம் செலவிட்டால், இழப்பு குழாயைத் திறக்கும் மக்களுக்கே. அச்சேறுவதற்கு முன் கேட்கப்படும் ஒரு கேள்வி, பின்னால் வரும் பெரும் பிழையைத் தடுக்கிறது.

பெயரை மறைப்பது ஏன்?

மதிப்பாய்வாளர் யார் என்பதைப் பல இதழ்கள் கட்டுரையாளருக்குத் தெரிவிப்பதில்லை. சில இதழ்கள் கட்டுரையாளரின் பெயரையும் மதிப்பாய்வாளரிடமிருந்து மறைத்துவிடுகின்றன. எழுதியவர் புகழ்பெற்ற பேராசிரியரா, நேற்று வந்த மாணவரா என்பது தெரியாதபோது, எழுத்து மட்டுமே கண்முன் நிற்கும். முகம் பார்க்காமல் உண்மை பார்ப்பதே இம்முறையின் நோக்கம். கட்டுரையாளர் தம் உறவினராகவோ, உடன் ஆய்வு செய்பவராகவோ இருந்தால், மதிப்பாய்வாளர் அதைச் சொல்லி விலகிக்கொள்ள வேண்டும். இப்பணிக்குப் பொதுவாக ஊதியம் கிடையாது. தம் கட்டுரையை யாரோ ஒருவர் நேரம் ஒதுக்கிப் படித்ததைப் போலத் தாமும் பிறருக்குச் செய்வதைக் கடமையாகவே ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

நான்கு முடிவுகள்

மதிப்பாய்வாளர்கள் கருத்துரைப்பர், முடிவெடுப்பவர் இதழாசிரியரே. அவர் கட்டுரையை அப்படியே ஏற்கலாம், சிறு திருத்தம் கேட்கலாம், பெரிய திருத்தம் கேட்கலாம், மறுக்கலாம். முதல் முறையிலேயே அப்படியே ஏற்கப்படுவது அரிது. திருத்தம் கேட்கப்பட்டால், கட்டுரையாளர் ஒவ்வொரு வினாவுக்கும் விடை எழுதி அனுப்ப வேண்டும். மதிப்பாய்வாளரின் கருத்து தவறு என்று தோன்றினால், சான்று காட்டி மறுக்கவும் அவருக்கு உரிமை உண்டு. இவ்வாறு கட்டுரை அச்சேறச் சில மாதங்கள் ஆகலாம். ஓராண்டுக்கு மேலும் ஆகலாம்.

இப்பணியில் இதழாசிரியரின் பொறுப்பு பெரிது. தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, 1983ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகர், அமெரிக்காவின் புகழ்பெற்ற வானியற்பியல் ஆய்விதழுக்கு 1952 முதல் 1971 வரை ஆசிரியராக இருந்தார். தம் சொந்த ஆய்வுகளுக்கு இடையே, பிறருடைய ஆய்வுகளைச் சீர்தூக்கிப் பார்க்கும் பணியை அவர் பத்தொன்பது ஆண்டுகள் செய்தார்.

ஐன்ஸ்டைனின் சினம்

பெரியவர்களும் இந்த வாயிலில் தடுமாறியது உண்டு. 1936ஆம் ஆண்டு ஆல்பர்ட் ஐன்ஸ்டைன், தம் துணை ஆய்வாளர் நேதன் ரோசனுடன் இணைந்து ஒரு கட்டுரையை அமெரிக்க இயற்பியல் இதழ் ஒன்றுக்கு அனுப்பினார். ஈர்ப்பலைகள் இல்லை என்பது அக்கட்டுரையின் முடிவு. இதழாசிரியர் அதை வேறோர் அறிஞருக்கு அனுப்பினார். அந்த அறிஞர் கட்டுரையில் பிழை இருப்பதை விரிவாகச் சுட்டிக்காட்டினார். ஐன்ஸ்டைனுக்குச் சினம் வந்தது. தம் கட்டுரையை அச்சிடத்தான் அனுப்பியதாகவும், பிறருக்குக் காட்ட அல்ல என்றும் எழுதி, அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

ஆனால், பிழை பிழைதான். அதைப் பின்னர் உணர்ந்த ஐன்ஸ்டைன், முடிவை மாற்றி 1937ஆம் ஆண்டு வேறோர் இதழில் கட்டுரையை வெளியிட்டார். ஈர்ப்பலைகள் 2015ஆம் ஆண்டு கருவிகளில் முதன்முதலாகப் பதிவாயின. பழைய முடிவே அச்சாகியிருந்தால், மாபெரும் அறிவியலாளர் ஒருவரின் பெயரோடு ஒரு தவறு உலகெங்கும் பரவியிருக்கும். யானைக்கும் அடிசறுக்கும் அன்றோ!

வலையிலும் ஓட்டை உண்டு

மதிப்பாய்வு எல்லாத் தவறுகளையும் பிடித்துவிடும் என்று எண்ணக் கூடாது. 1998ஆம் ஆண்டு இங்கிலாந்தின் மருத்துவ இதழ் ஒன்றில், பன்னிரண்டு குழந்தைகளைப் பற்றிய கட்டுரை வெளிவந்தது. தட்டம்மை, புட்டாளம்மை, ருபெல்லா ஆகியவற்றுக்கான தடுப்பூசியை மதியிறுக்கத்தோடு அது தொடர்புபடுத்தியது. பெற்றோர் பலர் அஞ்சித் தடுப்பூசியைத் தவிர்த்தனர். தட்டம்மை மீண்டும் தலைதூக்கியது. கட்டுரை நேர்மையற்ற முறையில் எழுதப்பட்டது என்பது பிறகே தெரியவந்தது. 2010ஆம் ஆண்டு இதழ் அதை மீட்டுக்கொண்டது.

மதிப்பாய்வாளர் தம் முன் வைக்கப்பட்ட தாளைத்தான் படிக்கிறார். ஆய்வுக்கூடத்தில் நடந்ததை அவர் நேரில் பார்ப்பதில்லை. எனவே, ஒரு கட்டுரை அச்சேறிய பிறகும் பிற ஆய்வாளர்கள் அதே சோதனையை மீண்டும் செய்து பார்க்க வேண்டியுள்ளது. தவறு கண்டால் இதழ் அதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். மேலும், பணம் வாங்கிக்கொண்டு எதையும் ஆராயாமல் வெளியிடும் போலி இதழ்களும் இன்று உள்ளன. ‘ஆய்விதழில் வந்தது’ என்பதோடு நின்றுவிடாமல், ‘எந்த ஆய்விதழில் வந்தது?’ என்றும் கேட்பது அறிவுடைமை.

தமிழர் அறிந்த அரங்கேற்றம்

இம்முறை தமிழருக்குப் புதிதன்று. முற்காலத்தில் புலவர் தம் நூலைச் சான்றோர் அவையில் அரங்கேற்றுவது வழக்கம். அவையோர் ஐயம் எழுப்புவர். புலவர் விடை கூறுவார். தொல்காப்பியம், நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியதாக அதன் சிறப்புப்பாயிரம் கூறுகிறது. அரங்கேற்றத்தில் கேள்வி கேட்பவர் புலவரின் எதிரே அமர்ந்திருப்பார். இன்றைய மதிப்பாய்வில் அவர் பெயர் தெரியாமல் தொலைவில் இருக்கிறார். கற்றவர் முன் வைத்து, அவர் கேள்விக்கு விடை சொன்ன பிறகே நூல் உலகுக்குச் செல்ல வேண்டும் என்னும் நெறி மட்டும் மாறவில்லை.

மீண்டும் இராமானுஜன்

1913ஆம் ஆண்டு இராமானுஜன் இங்கிலாந்துப் பேராசிரியர் ஹார்டிக்குத் தம் கணித முடிவுகளை எழுதி அனுப்பினார். அவற்றுள் சில முன்பே அறியப்பட்டவை, சில தவறானவை, சில எவரும் கண்டிராதவை. ஹார்டி வியந்தார், ஆனால், வியப்போடு நிற்கவில்லை. முடிவுகளுக்கு நிறுவல் எங்கே என்று கேட்டு எழுதினார். நாராயண ஐயங்கார் கேட்டதும் ஏறத்தாழ இதுவே. 1914இல் இராமானுஜன் கேம்பிரிட்ஜ் சென்றார். 1918இல் இலண்டன் அரசவைக் கழகத்தின் உறுப்பினரானார்.

அவருடைய முதல் கட்டுரை மூன்று முறை திரும்பியது உண்மை. ஆனால், ஒவ்வொரு முறையும் அதை ஒருவர் வரிவரியாகப் படித்திருந்தார். படிக்காமல் புகழ்வதைவிட, படித்துவிட்டுக் கேள்வி கேட்பதே எழுத்துக்குச் செய்யும் உண்மையான மரியாதை. ஆசிரியர் சிவப்பு மையால் திருத்திய கட்டுரை கைக்கு வரும்போது, மாணவர் இதை நினைவிற்கொள்வது நன்று.

அருஞ்சொற்பொருள்

அரங்கேற்றம் – நூலை அவையோர் முன் முதன்முதலாக வெளியிடுதல்
சீர்தூக்குதல் – நிறை குறைகளை ஆராய்தல்
நிறுவல் – ஒரு கூற்று உண்மை எனச் சான்றுடன் மெய்ப்பித்தல்
மீட்டுக்கொள்ளுதல் – வெளியிட்ட கட்டுரை செல்லாது என இதழே அறிவித்தல்

கருத்துணர் வினாக்கள்

1. இராமானுஜனின் முதல் கட்டுரை திருப்பி அனுப்பப்பட்டதற்குக் காரணம் யாது?

2. கட்டுரையாளரின் பெயரைச் சில இதழ்கள் மறைப்பதால் விளையும் நன்மையை விளக்குக.

3. மதிப்பாய்வு நடந்த பிறகும் தவறான கட்டுரை வெளிவருவது எவ்வாறு?

4. உன் நண்பர் எழுதிய அறிவியல் செயல்திட்ட அறிக்கையை நீ மதிப்பாய்வு செய்வதாக இருந்தால், அவரிடம் எத்தகைய மூன்று வினாக்களைக் கேட்பாய்?