சங்கிலி வாள்: திருகாணியைத் திருப்புமுன்

2009இல் போர் முடிந்து எமது குடும்பங்கள் ஊர்களுக்குத் திரும்பியபோது, வயலும் தோட்டமும் பற்றைக்காடாய்க் கிடந்தன. கோடரியும் கத்தியும் கொண்டு தொடங்கிய வேலைக்குச் சிறிய சங்கிலி வாளும் (செயின்சோ) துணைக்கு வந்தது. சில இடங்களில் பல வீடுகள் சேர்ந்து காசு போட்டு அதை வாங்குகின்றன. அது பழுதானால் அத்தனை வீட்டு வேலையும் நின்றுவிடும். ஆகவே அதன் காபரேற்றரைப் பேணும் முறையை இம்முறை படிப்போம்.

பழைய பழக்கம் இங்கே உதவாது

1990களில் வன்னிக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டிருந்தபோது, சில துளி பெற்றோலில் மோட்டார் சைக்கிளை ஸ்டாட் செய்து, பின் மண்ணெண்ணெயில் ஓட்டினோம். அந்தக் கெட்டித்தனம் அன்று எம்மைக் காத்தது. சங்கிலி வாளுக்கு அது பொருந்தாது. இது ரூ ஸ்ரோக் எஞ்சின். பெற்றோலுடன் கலந்து போகும் எண்ணெயே பிஸ்ரனுக்கு வழுவழுப்பைக் கொடுக்கிறது. பெற்றோல் குறைந்தால் எண்ணெயும் குறையும்; பிஸ்ரன் சூடேறிச் சிராய்த்து இறுகிவிடும். மண்ணெண்ணெய் இலகுவில் ஆவியாகாது; ஆகவே அதைச் சேர்க்கவே கூடாது.

முதலில் பார்க்க வேண்டியவை

வாள் சரியாக ஓடாவிட்டால் உடனே காபரேற்றரைக் குறை சொல்கிறோம். பெரும்பாலும் குற்றம் வேறிடத்தில் இருக்கும். எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு, பிளக் வயரைக் கழற்றிய பின் பாருங்கள்:

1. எயார் பில்ற்றர்: தூசியைத் தட்டிக் கழுவி, நன்கு காயவிட்டுப் பூட்டுங்கள்.
2. எரிபொருள்: பல வாள்களுக்கு 1 லீற்றர் பெற்றோலுக்கு 20 மில்லிலீற்றர் ரூ ஸ்ரோக் எண்ணெய். உங்கள் வாளின் கைநூல் வேறு அளவு சொன்னால் அதையே பின்பற்றுங்கள். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட கலவையைப் பாவிக்க வேண்டாம்.
3. தாங்கிக்குள் இருக்கும் சிறு பில்ற்றர்: அடைபட்டிருந்தால் மாற்றுங்கள்.
4. பிளக்: கரியைத் துடையுங்கள்.
5. சங்கிலி: சீவலுக்குப் பதில் மாத்தூள் வந்தால் அது மழுங்கிவிட்டது. அராவிக் கூராக்குங்கள்.

திருகாணிகளைச் சரிசெய்தல்

இவ்வளவும் சரியாயிருந்தும் குறை தீராவிட்டால் மட்டும் திருகாணியைத் தொடுங்கள். 'எல்' மெதுவான ஓட்டத்துக்கு, 'எச்' வேகமான ஓட்டத்துக்கு. மூன்றாவது, வெறும் ஓட்டத்துக்கு. சில வாள்களில் 'எச்' திருகாணியே இராது. சிலவற்றில் திருப்ப முடியாதபடி மூடியிருக்கும். மூடியை உடைக்க வேண்டாம்.

'எல்', 'எச்' இரண்டையும் வலப்பக்கம் மெதுவாக முட்டும்வரை திருப்புங்கள். இறுக்கினால் ஊசிமுனை கெடும். கைநூல் வேறு சொல்லாவிட்டால் ஒவ்வொன்றையும் ஒரு சுற்று வெளியே எடுங்கள். பிளக் வயரைப் பூட்டி, வாளை நிலத்தில் உறுதியாக வைத்து ஸ்டாட் செய்யுங்கள். முன்னால் எவரும் நிற்கக் கூடாது. சில நிமிடம் சூடேறட்டும்.

'எல்' திருகாணியைச் சிறிது சிறிதாக உள்ளே திருப்பினால் ஓட்டம் கூடும். மிகக் கூடிய இடத்திலிருந்து கால் சுற்று வெளியே எடுங்கள். பின் மூன்றாவது திருகாணியால், எஞ்சின் ஓடும். ஆனால் சங்கிலி அசையாது என்ற நிலைக்குக் கொண்டு வாருங்கள்.

'எச்' திருகாணிக்குக் காதுதான் அளவுகோல். மரத்தில் வைக்காமல் முழு வேகம் கொடுத்தால் சத்தம் சற்றுக் கரகரக்க வேண்டும். மரத்தை அரியும்போது அது தெளிய வேண்டும். கீச்சென்று கூவினால் பெற்றோல் போதவில்லை; உடனே வெளியே திருப்புங்கள். 'நல்ல வேகம்' என்று மகிழும் அந்தக் கூவல்தான் பிஸ்ரனின் சாவு.

காபரேற்றருக்குள் இருக்கும் மெல்லிய சவ்வு விறைத்துப் போனால் எந்தத் திருப்பலும் உதவாது, புதிதாக மாற்றுங்கள். சிறு துவாரங்களில் கம்பி விடாமல் காற்றடித்துத் துப்புரவாக்குங்கள்.

கவனம்: கண்ணிவெடி அகற்றப்பட்டதாக உறுதிப்படுத்தப்படாத காணிக்குள் வாளோடு இறங்காதீர்கள். பனையிலும் பழைய மரங்களிலும் ஷெல் துண்டுகள் புதைந்திருக்கலாம். பல் பட்டால் சங்கிலி அறுந்து தெறிக்கும்.

கலந்துரையாட

1. எமது வாளுக்கு எண்ணெய் கலப்பவர் யார்? அளந்து கலக்கிறாரா?
2. பொதுவில் வாங்கிய வாள் பழுதானால் செலவை எப்படிப் பகிர்வோம்?