அக்காவை எங்கே வைத்துப் பார்ப்பது

அன்புள்ள மகளுக்கு, சித்தி எழுதுவது.

ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதி, சித்திரை வீதி எங்கே போனாலும் வீட்டுக்கு வீடு இதே கதைதான். ஒரு பிள்ளை சென்னையில், ஒரு பிள்ளை அமெரிக்காவில். அம்மாவோடு தங்கிவிட்ட பெண் ஒருத்தி. பணம் வருகிறது, வீடியோ காலும் வருகிறது. ராத்திரி இரண்டு மணிக்கு நனைந்த துணியை மாற்றத்தான் அந்தப் பெண்ணை விட்டால் ஆள் இல்லை.

படுத்த படுக்கையாகிவிட்டவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். தவறினால் இடுப்பின் கீழும் குதிகாலிலும் தோல் சிவக்கும். அந்தச் சிவப்பை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுக்க வேண்டும். வெளுக்காமல் அப்படியே நின்றால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தரம், வருஷம் பூராவும், ஒரே ஆளால் ஆகாது. எவ்வளவு பாசம் இருந்தாலும் ஆகாது.

உன் அம்மாவுக்கு, என் அக்காவுக்கு, மறதி நோயும் சேர்ந்திருக்கிறது. இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு அந்த நோய் என்று 2023இல் வந்த மதிப்பீடு சொல்கிறது. பார்த்துக்கொள்கிறவர் என்ன ஆகிறார்? அமெரிக்காவில் 66 வயதுக்கு மேற்பட்ட தம்பதிகளை நான்கு வருஷம் கவனித்த ஆய்வு ஒன்று 1999இல் வெளிவந்தது. துணையைப் பராமரித்து நொந்துபோனவர்கள் இறக்கும் வாய்ப்பு, அந்தப் பாரம் இல்லாதவர்களைவிட 63 சதவீதம் அதிகம். உனக்கு அந்த வயசில்லை. ஆனாலும் உன் பி.பி. மாத்திரை கூடிக்கொண்டே போவதைச் சித்தி பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

முதியோர் இல்லத்தில் சேர்த்தால் கைவிட்டதாக ஆகிவிடாதா என்று கேட்கிறாய். 2007ஆம் வருஷத்துப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், முழுக்கக் கைவிடும் எண்ணத்தோடு ஓரிடத்தில் விட்டுப்போவதைத்தான் குற்றம் என்கிறது. தினம் சாயங்காலம் போய்ப் பக்கத்தில் உட்காரும் மகள் அதில் வரமாட்டாள். மகன், மகள் என்று பேதம் பார்க்காமல் பொறுப்பை வைப்பதும் அதே சட்டம்தான். அதனால் உன் அண்ணனிடம் தயங்காமல் கேள். கஷ்டமாக இருக்கிறது என்று மட்டும் சொன்னால் அவனுக்குப் புரியாது. ஒரு வாரம், ராத்திரி எத்தனை மணிக்கு எழுந்தாய், என்ன செய்தாய் என்று நோட்டில் எழுதி, அந்தப் பக்கங்களைப் போட்டோ எடுத்து அனுப்பு.

இடம் கிடைக்கிறவரை வீட்டுக்கே உதவி வரவழை. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பி.பி., சர்க்கரை மாத்திரை மட்டும் இல்லை. பிசியோதெரபியும், படுத்திருப்பவர்களுக்கான வலி தணிக்கும் பராமரிப்பும் உண்டு. நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடு. முதியோர் உதவி எண் 14567, கட்டணம் இல்லை.

முதியோர் இல்லத்தைப் பகலில் அவர்கள் சுற்றிக்காட்டுவதை வைத்து முடிவு செய்யாதே. ராத்திரி எட்டு மணிக்கு மேல், சொல்லாமல் போ. ராத்திரி ஷிப்டில் எத்தனை பேருக்கு ஓர் ஆயா, உடம்புக்கு முடியாமல் போனால் ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டிப்போவார்கள் என்று கேள். படுத்திருக்கும் பாட்டிகளின் குதிகாலைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். அட்வான்ஸ் திரும்ப வருமா என்பதை எழுத்தில் வாங்கு. வசதி கொஞ்சம் குறைந்தாலும், ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரே பஸ்ஸில் போகிற தூரமாக இருக்கட்டும். கோயம்புத்தூரில் பெரிய இடம் இருக்கிறது என்று அண்ணன் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடு.

அக்காவின் தலையணையும், திருச்சி வானொலி கேட்கும் அந்தச் சின்ன டிரான்சிஸ்டரும் கூடவே போகட்டும். யாராவது ஒரு வார்த்தை சொன்னால், கூடப் பிறந்தவள் சொல்லித்தான் செய்தோம் என்று சொல். சித்தியின் நம்பரையும் கொடு.

அன்புடன்,
உன் சித்தி