சாட்டையும் கூலியும்

சித்தூர் மாவட்டத்துப் பழைய எல்லைப் பகுதியில், பாலசமுத்திரத்தில் பிறந்தவன் நான். 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி தமிழகத்தோடு சேர்ந்தது. எங்கள் ஊர் ஆந்திரத்தில் நின்றது. மொழி, சாதி என்று பேசினால் உழைப்பாளர் ஒற்றுமை குலைந்துவிடும் என்னும் வாதம் எங்கள் பக்கத்தில் புதிதன்று. அது சரிதானா? தஞ்சைத் தரணியை வைத்துப் பார்ப்போம்.

1943-இல் அங்கே விவசாயிகள் சங்கம் கட்ட வந்தவர் பி. சீனிவாசராவ். தாய்மொழி கன்னடம், பிறப்பால் பிராமணர். பண்ணையாட்களின் சேரிகளிலேயே தங்கினார். மொழியும் குலமும் வேறான ஒருவரை அம்மக்கள் எவ்வாறு ஏற்றனர்? எழுப்பிய கோரிக்கையைக் கவனியுங்கள். நெற்கூலி மட்டுமன்று; சாட்டையடியும் சாணிப்பால் புகட்டுவதும் நிற்கவேண்டும் என்பது. 1944-இல் மன்னார்குடியில் ஏற்பட்ட ஒப்பந்தம் இவ்விரண்டையும் விலக்கியது. சாணிப்பால் எந்தக் கூலிக் கணக்கில் வரும்? தாழ்த்தப்பட்டவன் என்பதனாலன்றோ அதைப் புகட்டினார்கள்! அந்த இழிவைப் பெயர் சொல்லி எதிர்த்ததனால்தான் பண்ணையாள் சங்கத்தை நம்பினான். 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும் வந்தது.

உள்ளுக்குள் உரசலே இல்லை என்று எண்ணவேண்டாம். குத்தகைக்காரர் பலர் சாதி இந்துக்கள். அறுவடையில் ஆள் வைத்துக் கூலி கொடுப்பவரும் அவர்களே. இரு சாராரையும் ஒரே பாயில் அமர்த்துவது, மாநாட்டில் தீர்மானம் போடுவதுபோல எளிதா?

1968 டிசம்பர் 25 இரவு, கீழவெண்மணியில் 44 பேர் குடிசையோடு எரிக்கப்பட்டனர். கூலியுயர்வு கேட்டவர்கள், செங்கொடியை இறக்க மறுத்தவர்கள், தாழ்த்தப்பட்டோர். கூலித் தகராறு என்று மட்டும் எழுதியவர்கள் பாதியை விட்டார்கள். சாதிக் கொலை என்று மட்டும் சொல்பவர்கள் மறுபாதியை விடுகிறார்கள். 1973-இல் உயர்நீதிமன்றம் நிலக்கிழார்களை விடுவித்தது.

2008 மே 6-இல் மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் தீண்டாமைச் சுவரின் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. அதற்காகப் போராடியவர்களுள் மார்க்சிஸ்டுகள் முன்னணியில் நின்றனர். 1944-இலேயே சாட்டையை நிறுத்தியவர்களுக்கு ஊர்ச் சுவர்கள் முன்பே கண்ணில் பட்டிருக்கக் கூடாதா என்று கேட்பவர் உண்டு. நியாயமான கேள்விதான்.

நிற்க. விடுதிக் கட்டணம் குறித்துத் தெலுங்கு மாணவரோடு சேர்ந்து மனுக் கொடுக்கலாமா என்று நம் சங்கத்தில் பேச்சு நடக்கிறது. கொடுக்கலாம் என்பதே என் கருத்து. நூலகத்துக்குத் தமிழ் நூல்கள் வேண்டும் என்பதையும் அதில் எழுதுவோம். ஆதிதிராவிட மாணவர், உதவித்தொகை தாமதமாவதைச் சேர்க்கச் சொன்னால், அதுவும் முதற்பக்கத்திலேயே வரவேண்டும்.