கேஸ் ஷீட்டில் ‘ஒத்துழைப்பு இல்லை’ என்று எழுதும் முன்

பெண்கள் வார்டில் ஒரு பூக்கார அம்மா படுத்திருந்தார். ஐம்பத்தைந்து வயதைத் தாண்டியவர். சர்க்கரை 400-க்கு மேல், வலது பாதத்தில் புண். அந்த வருடத்தில் அது மூன்றாவது அட்மிஷன். முந்தைய இரண்டு கேஸ் ஷீட்டிலும் ஒரே வாசகம்: ‘இன்சுலின் ஒழுங்காகப் போடுவதில்லை. சிகிச்சைக்கு ஒத்துழைப்பு இல்லை. அறிவுரை வழங்கப்பட்டது.’

மூன்றாவது முறை, என்னிடம் பயிற்சிக்கு வந்த மாணவி ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். “காலைல எந்திரிச்சதுல இருந்து ராத்திரி படுக்கிற வரைக்கும் என்னென்ன செய்வீங்கம்மா, சொல்லுங்க” என்றாள். அந்த அம்மா சொன்னார். மூன்றரைக்கு எழுவார். ‘காலைல எந்திரிச்சதும் ஊசி’ என்று யாரோ சொல்லியிருந்ததால் அப்போதே போட்டுக்கொள்வார். நாலரைக்குப் பூ மார்க்கெட். ஏலம் முடிந்து, கூடையைத் தூக்கிக்கொண்டு வீடு வந்து, வாயில் ஏதாவது போட எட்டரை ஆகும். அவர் போட்டது சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு போட வேண்டிய கலவை இன்சுலின். ஒரு நாள் மார்க்கெட்டிலேயே உடம்பெல்லாம் வேர்த்து, கண் இருட்டி, கூடை மேலேயே சாய்ந்துவிட்டார். அன்றோடு காலை ஊசியை நிறுத்திவிட்டார்.

“புண்ணு வந்தா ஆஸ்பத்திரிக்கு வரலாம் சிஸ்டர். மார்க்கெட்ல விழுந்தா யாரு தூக்குவா?”

அவர் ஒத்துழைக்காதவர் இல்லை. சர்க்கரை இறங்கிப்போவதிலிருந்து தன்னைக் காப்பாற்றிக்கொண்டவர். எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று இரண்டு அட்மிஷனிலும் ஒருவரும் கேட்கவில்லை.

நர்சிங் படித்த எல்லோருக்கும் இமோஜின் கிங்கைத் தெரியும். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் 1923-இல் பிறந்து, வார்டிலும் வகுப்பறையிலும் உழைத்து, 2007-இல் மறைந்தவர். 1971-இல் முதல் நூலையும் 1981-இல் இரண்டாவது நூலையும் எழுதினார். இரண்டாவதில்தான் இலக்கு எய்துதல் கோட்பாடு முழு வடிவம் பெற்றது. நம் ஊர் முதுகலை ஆய்வேடுகளில் கருத்தியல் சட்டகம் என்ற தலைப்பின் கீழ், பெட்டிகளும் அம்புக்குறிகளுமாக அவர் படம் அடிக்கடி வருகிறது. வைவா முடிந்ததும் அந்தப் படம் நூலகத்துக்குப் போய்விடுகிறது. அது வார்டுக்கு வர வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம்.

கிங் சொன்னதை வார்டு மொழியில் சொல்கிறேன். நர்ஸ் நோயாளியைப் பார்க்கிறார், ஒன்றைப் புரிந்துகொள்கிறார், ஒரு முடிவுக்கு வருகிறார். அதே நேரத்தில் நோயாளியும் நர்ஸைப் பார்க்கிறார், புரிந்துகொள்கிறார், முடிவுக்கு வருகிறார். இந்த இரண்டாவது பாதியை நாம் மறந்துவிடுகிறோம். இருவர் புரிதலும் ஒன்றோடொன்று பொருந்தினால்தான் பேச்சு, பேச்சிலிருந்து இருவரும் ஏற்கும் ஓர் இலக்கு, அதற்கான வழி. இருவரும் சேர்ந்து எடுத்த இலக்கு நிறைவேறும் என்பது அவர் கோட்பாட்டின் மையம். இந்தக் கடைசிக் கட்டத்துக்கு அவர் வைத்த பெயரைப் பாடப் புத்தகங்கள் ‘பரிவர்த்தனை’ என்கின்றன. எனக்கு அது பேங்க் வாசனை அடிக்கிற சொல். கல்யாண வீட்டில் ‘பேசி முடிச்சாச்சு’ என்போமே, அதுதான் இதற்குச் சரி. ஒரு தரப்பு மட்டும் உட்கார்ந்து பேசி முடித்த கல்யாணம் உண்டா?

சரி, நாற்பது நோயாளிக்கு ஒரு நர்ஸ் நிற்கிற ஷிஃப்டில் இதை எப்படிச் செய்வது? தனியாக நேரம் ஒதுக்க வேண்டாம். டிரெஸ்ஸிங் மாற்றுகிற ஐந்து நிமிடம் போதும், அந்த ஐந்து நிமிடமும் உங்கள் வாய் அறிவுரை சொல்லாமல் இருந்தால். ‘மருந்து ஒழுங்கா சாப்பிடுறீங்களா?’ என்று கேட்காதீர்கள். அதற்கு நம் மக்கள் ‘ஆமாம் சிஸ்டர்’ என்ற ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். அது மரியாதைக்குச் சொல்கிற ஆமாம். ‘போன வாரத்துல எந்த நாள் மாத்திரை விட்டுப்போச்சு?’ என்று கேளுங்கள். விட்டுப்போவது சகஜம் என்று நீங்களே ஒப்புக்கொண்ட மாதிரி இருக்கும், உண்மை வரும்.

அடுத்த கேள்வி இன்னும் முக்கியம்: ‘உடம்பு தேறினதும் முதல்ல என்ன செய்யணும்னு ஆசை?’ பூக்கார அம்மா யோசிக்கவே இல்லை. “ஆவணி முகூர்த்தத்துக்குள்ள கடையில உக்காரணும்.” நம் இலக்கு புண் ஆறுவது, மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் கீழே கொண்டுவருவது. அவர் இலக்கு ஆவணி. இரண்டும் ஒரே பாதையில்தான் இருக்கின்றன, ஆனால் ஆவணிக்காகத்தான் அவர் நடப்பார்.

மாணவி டியூட்டி டாக்டரிடம் நேர விஷயத்தைச் சொன்னாள். ஊசியின் அளவையும் நேரத்தையும் மாற்றுவது டாக்டர் வேலை. மாற்ற வேண்டிய காரணத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பது நம் வேலை. காலை ஊசி எட்டு மணிக்கு மாறியது. பிறகு மூவரும் பேசி முடித்தது இது: இரண்டு வாரத்துக்கு, மார்க்கெட்டிலிருந்து வந்ததும் எட்டுக்கு ஊசி, எட்டரைக்கு இட்லி. மடியில் எப்போதும் குளுக்கோஸ் பொட்டலம். காலுக்கு எம்சிஆர் என்கிற மெத்தென்ற ரப்பர் செருப்பு. செருப்பில் ஒரு சிக்கல் இருந்தது. ஈரத் தரையில் வழுக்குகிறது என்று அதைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலில்தான் நடந்திருக்கிறார். பின்பக்கம் வார் வைத்த செருப்பு வேண்டும் என்று அவரே கேட்டார். உணர்ச்சி மரத்த பாதத்துக்கு அதுதான் சரி என்று நமக்கும் தெரியும். நாம் சொல்லியிருந்தால் அது இன்னோர் அறிவுரையாகப் போயிருக்கும்.

ரிவ்யூவுக்கு வந்தபோது பதினாலு நாளில் பத்து நாள் காலை ஊசி போட்டிருந்தார். மீதி நாலும் முகூர்த்த நாள், வீடு வரப் பத்தரை ஆகிவிட்டது. உடனே ‘ஏம்மா விட்டீங்க?’ என்று முகம் சுளித்திருந்தால் அடுத்த முறை பதினாலு என்று பொய் சொல்லியிருப்பார். முகூர்த்த நாளுக்கு என்ன செய்வது என்று மறுபடி டாக்டரோடு உட்கார்ந்து பேசினார்கள். இலக்கு தவறினால் முதலில் இலக்கைப் பாருங்கள். அது யாருடைய இலக்கு, அவர் பிழைப்புக்குள் அடங்குகிற அளவா, இன்ன நாளுக்குள் என்று இருக்கிறதா? ‘சர்க்கரையைக் கட்டுப்பாட்டில் வைத்தல்’ என்பது இலக்கே அல்ல, அது நம் ஆசை.

வீட்டாரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நம் வார்டுகளில் நோயாளியைக் கேட்டால் மகன் பதில் சொல்வார், மருமகள் திருத்துவார். அக்கறைதான், சந்தேகமில்லை. ஆனால் பேசி முடிப்பது அவர்களோடு என்று ஆகிவிடக் கூடாது. “அண்ணே, அம்மாவே சொல்லட்டும், நீங்க பக்கத்துல இருங்க” என்று சொல்லப் பழகுங்கள். நினைவில்லாதவர், கைக்குழந்தை, மனம் குழம்பிய நிலையில் இருப்பவர் ஆகியோரிடம் இந்தக் கோட்பாடு எப்படிச் செல்லும் என்ற விமர்சனம் நெடுநாளாக உண்டு. அது நியாயமான கேள்வி. அங்கே வீட்டார் வழியாகத்தான் போக வேண்டும். ஆனால் நினைவு திரும்பிய மறுநாளே பேச்சு நோயாளியிடம் திரும்ப வேண்டும். பேச முடியாதவருக்கும் கண்ணும் கையும் உண்டு.

நோயாளி கேட்பதற்கெல்லாம் தலையாட்டச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். மாரடைப்பு வந்து மூன்றாம் நாள், ‘பீடி மட்டும் விட முடியாது’ என்பவரிடம் ‘எனக்கு அதுல சம்மதம் இல்லைய்யா’ என்று நேராகச் சொல்லுங்கள். அதோடு கதவை மூடிவிடாமல், எந்த நேரத்துப் பீடியை முதலில் விட முடியும் என்று கேளுங்கள். முழுசாக விடுவதுதான் நம் இலக்கு என்பதையும் மறைக்காதீர்கள்.

பேசி முடித்ததை எழுதி வையுங்கள், அவர் வாய்ச்சொல்லிலேயே. ‘ஆவணி முகூர்த்தத்துக்குள் கடையில் உட்கார வேண்டும்’ என்று கேஸ் ஷீட்டில் எழுதுவதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை. இலக்கை மையமாக வைத்து நர்சிங் பதிவேடு இருக்க வேண்டும் என்று கிங்கே சொன்னார். எழுதாவிட்டால் நைட் ஷிஃப்ட் சிஸ்டருக்கு அது தெரியாது, அவர் பழையபடி முதலிலிருந்து அறிவுரையை ஆரம்பிப்பார். ஹேண்ட் ஓவரில் பிரஷரும் சர்க்கரையும் சொல்லும்போது இந்த ஒரு வரியையும் சேர்த்துச் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் அன்று, ‘புரிஞ்சுதா?’ என்று கேட்காமல், ‘வீட்ல மக கேட்டா ஊசி விஷயத்தை எப்படிச் சொல்வீங்க?’ என்று கேட்டுப் பாருங்கள். எங்கே தவறாகப் புரிந்திருக்கிறது என்பது அப்போதே தெரிந்துவிடும்.

நர்சிங் கண்காணிப்பாளர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வார்டின் நர்சிங் குறிப்புத் தாளில் ‘அறிவுரை வழங்கப்பட்டது’ என்பதற்கு ஒரு கட்டம் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் ‘நோயாளி சொன்ன இலக்கு’ என்று இன்னொரு கட்டம் போடுங்கள். அடுத்த முறை தாள் அச்சடிக்கக் கொடுக்கும்போதே போட்டுவிடலாம்.