பாட்டன் பூட்டனைத் தேடுவோம்: கல்லறையும் மரணப் பதிவும்



"எங்க அத்தை சின்ன வயசிலேயே கொழும்புக்கு வேலைக்குப் போனாங்க. அங்கேயே செத்துட்டாங்களாம். எங்க அடக்கம் பண்ணினாங்கன்னு யாருக்கும் தெரியாது." நம் லயங்களில் இப்படிப்பட்ட பேச்சை அடிக்கடி கேட்கிறோம். வெள்ளவத்தையில் வீட்டு வேலைக்கும், கொட்டாஞ்சேனையில் கடை வேலைக்கும் மலையகத்திலிருந்து போனவர்கள் அநேகர். அவர்களில் திரும்பி வராதவர்களும் உண்டு. அவர்களை எப்படித் தேடுவது என்பதே இந்த இதழின் பாடம்.

கல் யாருக்கு இருந்தது?

1867 இல் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர் துரை 1892 இல் இறந்தார். கண்டி மஹய்யாவ மயானத்தில் அவருடைய கல்லறையை இன்றும் பார்க்கலாம். அவரோடு காடு வெட்டிய நம் ஆட்களுக்கு அப்படிக் கல் கிடையாது. மலையின் ஓரத்திலே புதைத்து, மேலே ஒரு பாறாங்கல்லையோ பூச்செடியையோ வைத்ததோடு சரி. 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைப்பயணம் போனவர்கள் நினைத்துக்கொண்டது, அந்தப் பாதையிலே கல்லும் இல்லாமல் பெயரும் இல்லாமல் விழுந்துபோனவர்களைத்தான்.

ஜே. பி. லூயிஸ் என்ற அதிகாரி இலங்கையின் கல்லறை எழுத்துக்களைத் தொகுத்து 1913 இல் ஒரு பெரிய புத்தகம் வெளியிட்டார். அதில் பெரும்பாலும் வெள்ளைக்காரர்களின் பெயர்கள்தான். ஆகவே நம் குடும்பங்கள் கல்லை மட்டும் நம்பித் தேட முடியாது. முதலில் காகிதத்தைத் தேட வேண்டும், பிறகுதான் கல்லை.

முதல் படி: வீட்டிலே கேளுங்கள்

வயதானவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். பெயர், வீட்டுப் பெயர், தகப்பன் பெயர், எந்தத் தோட்டம், எந்தக் கங்காணி காலம், கொழும்பில் எந்தத் தெரு, வேலை கொடுத்தவர் யார், இவையெல்லாம் வேண்டும். வருஷம் தெரியாவிட்டால், "பெரிய மண்சரிவுக்கு முந்தியா, 83 கலவரத்துக்குப் பிந்தியா" என்று கேளுங்கள். அப்படிக் கேட்டால் பெரியவர்களுக்கு ஞாபகம் வரும்.

ஒரு விஷயத்தை மறக்க வேண்டாம். வேலைக்குப் போன வீட்டில் பிள்ளைக்கு வேறு பெயர் வைத்துக் கூப்பிடுவது வழக்கம். தோட்டத்தில் மாரியாயி என்றால் கொழும்பில் மேரியாக இருந்திருக்கலாம். இரண்டு பெயரையும் எழுதி வையுங்கள்.

இரண்டாம் படி: மரணப் பதிவு

இலங்கையில் 1867 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிறகு பிறப்பும் இறப்பும் அரசாங்கத்தில் பதியப்படுகின்றன. தோட்டத்திலே நடந்த மரணத்தை அறிவிக்கும் பொறுப்பு துரைக்கு இருந்தது. கொழும்பில் நடந்த மரணம் கொழும்பிலேயே பதியப்படும்.

இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். ஆள் இருந்தது வெள்ளவத்தையில் என்பதால் வெள்ளவத்தைப் பதிவில் மட்டும் தேடுவார்கள். ஆனால் மரணம் எங்கே நடந்ததோ அந்தப் பிரிவில்தான் பதிவு இருக்கும். உயிர் போனது பெரியாஸ்பத்திரியில் என்றால், ஆஸ்பத்திரி இருக்கும் பிரிவிலேயே தேட வேண்டும்.

மரண அத்தாட்சிப் பத்திரத்தில் இறந்த திகதி, இடம், பெயர், வயது, தொழில், தாய் தகப்பன் பெயர், மரணத்தின் காரணம் ஆகியவற்றோடு, புதைத்த அல்லது எரித்த இடத்துக்கும் ஒரு கட்டம் உண்டு. மயானத்தின் பெயர் அதில் இருக்கும். தகவல் கொடுத்தவரின் பெயரும் இருக்கும். தகவல் கொடுத்தது வீட்டுக்காரராக இருந்தால் வயதும் தாய் தகப்பன் பெயரும் குத்துமதிப்பாக இருக்கலாம். அதனால் ஒரு எழுத்து மாறியிருக்கிறது, இரண்டு வயது கூடியிருக்கிறது என்பதற்காக "இது நம்ம ஆள் இல்லை" என்று தள்ளிவிடாதீர்கள். மற்ற விபரங்கள் பொருந்துகின்றனவா என்று பாருங்கள்.

மூன்றாம் படி: மயானமும் தேவாலயமும்

பொரளை கனத்தையும் வடகொழும்பின் மாதம்பிட்டி மயானமும் கொழும்பு மாநகர சபையின் பொறுப்பில் உள்ளவை. மயான அலுவலகத்துக்குத் திகதியும் பெயரும் கொண்டு போனால் பதிவேட்டைப் பார்க்கும்படி கேட்கலாம். திகதி தெரியாமல் போனால் காரியம் ஆகாது. அதனால்தான் மரணப் பத்திரத்தை முதலில் எடுக்கச் சொல்கிறோம். காசு கொடுத்து வாங்காத குழியைச் சில வருஷங்களில் மறுபடி தோண்டுவார்கள். அங்கே இன்று அடையாளம் ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் புத்தகத்தில் பெயர் இருக்கும்.

கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. கொட்டாஞ்சேனை புனித லூசியா பேராலயம், ஜிந்துப்பிட்டி புனித தோமையார் தேவாலயம் போன்ற பழைய கோயில்கள் ஞானஸ்நானம், கலியாணம், அடக்கம் என்று தனித்தனிப் புத்தகம் வைப்பது வழக்கம். குருவானவரைக் கண்டு மரியாதையாகக் கேளுங்கள்.

கல் இருக்கிற இடத்தில்தான் உடலும் இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. 1757 இல் கட்டிமுடித்த வுல்பெண்டால் தேவாலயத்தில் பழைய டச்சுக் கற்கள் பல உள்ளன. அவற்றில் ஒரு பகுதி கோட்டைக்குள் இருந்த பழைய தேவாலயத்திலிருந்து 1813 இல் கொண்டுவரப்பட்டவை.

நான்காம் படி: கல்லை வாசிப்பது

பழைய தமிழ்க் கல்லில் தமிழ் இலக்கம் இருந்தால் பயப்பட வேண்டாம். ௧ என்றால் 1, ௮ என்றால் 8, ௯ என்றால் 9. ஆகவே ௧௮௯௯ என்பது 1899. சில கற்களில் வருஷப் பெயர் மட்டுமே இருக்கும். தமிழ் வருஷம் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். 'விகாரி' என்றால் 1899 ஆகவும் இருக்கலாம், 1959 ஆகவும் இருக்கலாம். கல்லின் பழமையையும் குடும்பக் கணக்கையும் வைத்து முடிவு செய்யுங்கள். சித்திரையில்தான் வருஷம் பிறக்கிறது. அதனால் 1899 இல் பிறந்த விகாரியின் தை மாதம் என்றால் அது 1900 ஜனவரி நடுப்பகுதி முதல் பெப்ரவரி நடுப்பகுதி வரை.

கல்லைக் கம்பித் தூரிகையால் சுரண்டாதீர்கள், அமிலம் ஊற்றாதீர்கள். தண்ணீரும் மெல்லிய தூரிகையும் போதும். காலையிலோ மாலையிலோ வெயில் சாய்வாக விழும்போது தேய்ந்த எழுத்தும் தெரியும். கைத்தொலைபேசியில் படம் எடுத்து, அன்றைக்கே நோட்டில் எழுதி வையுங்கள்.

இதனால் என்ன பயன்?

1948 இன் பிரஜாவுரிமைச் சட்டம் தகப்பனும் பாட்டனும் எங்கே பிறந்தார்கள் என்று கேட்டது. காட்டுவதற்குக் காகிதம் இல்லாமல் நம்மில் இலட்சக்கணக்கானோர் நாடற்றவர்களானோம். 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களின் பிள்ளைகளுக்கும் வழி திறந்தது. காகிதத்தின் பெறுமதியை நாம் பட்டுத்தான் படித்தோம். கல்லறைக் கல் அரசாங்கத்துக்குப் போதுமான அத்தாட்சி ஆகாது. ஆனால் அதிலுள்ள திகதி சரியான பத்திரத்திடம் நம்மைக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

இன்னொரு பயனும் உண்டு. திதி கொடுக்க ஒரு நாள் தெரியும். மெழுகுதிரி ஏற்ற ஓர் இடம் தெரியும். பேரப்பிள்ளை கேட்டால் சொல்ல ஒரு பெயர் இருக்கும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கொப்பியை எடுத்து, வீட்டுப் பெரியவரின் பக்கத்தில் உட்காருங்கள். "கொழும்புக்குப் போனது யார் யார்?" என்ற கேள்வியில் தொடங்குங்கள்.