நீலச்சட்டை உணர்த்தும் நாட்டுணர்வு

நாட்டின் பெருமையை மட்டுமன்றி, நாட்டினுள் நிலவும் பிளவையும் பேசவல்லது குழந்தை இலக்கியம். கனடாவின் பிரெஞ்சு மொழி எழுத்தாளர் ரோக் காரியே 1979இல் வெளியிட்ட 'ஹாக்கிக் கம்பளிச்சட்டை' என்னும் சிறுகதை இதற்குத் தக்க சான்றாகும்.

கதை நிகழும் ஆண்டு 1946. கியூபெக் மாநிலச் சிற்றூர் ஒன்றின் சிறுவர் அனைவரும், மாண்ட்ரியல் அணியின் ஐஸ் ஹாக்கி வீரர் மோரீஸ் ரிஷாரைப் போன்று 9ஆம் எண் பொறித்த செந்நிறச் சட்டையையே அணிகின்றனர். ஒருவனது சட்டை நைந்துபோகிறது. அஞ்சல்வழி விற்கும் ஈட்டன் நிறுவனத்தின் படிவமோ ஆங்கிலத்தில் உள்ளது. அதனை ஒதுக்கிவிட்டுத் தாய் தம் மொழியில் கடிதம் எழுதுகிறார். வந்து சேர்வதோ எதிரணியாகிய டொராண்டோவின் நீலச்சட்டை! திருப்பியனுப்பின் கடைக்காரர் மனம் வருந்துவார் எனக் கருதி, அதனையே மகனுக்கு அணிவிக்கிறார். ஆட்டத்தில் ஒதுக்கப்பட்ட சிறுவன் சினந்து மட்டையை உடைக்கிறான். மன்னிப்பு வேண்டுமாறு தேவாலயத்துக்கு அனுப்பப்பட்டவன், அந்துப்பூச்சிகள் வந்து அச்சட்டையை அரித்துவிட வேண்டும் என இறைஞ்சுகிறான்.

சிறுபான்மை மொழியினரின் மனக்காயத்தை வெறுப்பின்றி, நகைச்சுவையோடு உரைத்தமையால் ஆங்கிலம் பேசுவோரும் இக்கதையைத் தமதாக்கிக்கொண்டனர். 2002இல் வெளியான கனடாவின் ஐந்து டாலர் தாளில் இதன் தொடக்க வரிகள் இருமொழியிலும் இடம்பெற்றன.

வேற்றுமையை மறைப்பதனால் அன்று, பிறர் வருத்தத்தையும் தமதென ஏற்பதனாலேயே நாட்டுணர்வு நிலைபெறும் என்பது இதனால் பெறப்படும்.